நூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம்

2017 ஏப்ரல் முதல் தேதி, சனிக்கிழமை. தில்லியில் வெயில் ஆரம்பித்துவிட்டிருந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என் மேஜை மேல் ஒரு ஆங்கிலச் செய்தி காத்திருந்தது. 'நூறு வார்த்தைகளில் தமிழில் தேவை' என்று மேலே பென்சில் குறிப்பு. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி முந்தைய இரவு டல்லாஸ் நகரில் தோற்றுவிட்டது. செய்தி அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி அணி தோற்றதற்கு உலகம் பூராவும் செய்தியா என்று ஒரு கணம் தோன்றியது. தேதியைப் பார்த்ததும் யாரோ முட்டாள்கள் தின வேலை செய்கிறார்களோ என்றும் சந்தேகம். இரண்டாவது பத்தியைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த அணி அதற்கு முன் ஆடிய 111 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நம் ஊரில் மொய் எழுதுவதுபோல் ஒரு எண். இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு மேல், இடைவிடாத வெற்றி. நூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டத்தில்தான் சறுக்கினார்கள்.

செய்தியின் தலைப்பில் 'அப்செட்' என்ற ஆங்கில வார்த்தை இருந்தது. விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி. பெரிய அணியைச் சின்ன அணி கவிழ்த்துவிடுவதைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் அது நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறது. தமிழில் அப்படி நிற்க இடமில்லை. 'எதிர்பாராத தோல்வி' என்று எழுதினால் தோற்றவர் பக்கம். 'எதிர்பாராத வெற்றி' என்றால் ஜெயித்தவர் பக்கம். ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. 'வீழ்ந்தது கனெக்டிகட்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். பக்கத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞர் படித்துவிட்டுக் கேட்டார்: "மேடம், ஜெயிச்சது யாரு?"

செய்தியில் நாலாவது வரியில் இருந்தது. மிஸிஸிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். என் நூறு வார்த்தைகளில் அந்தப் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது.

கூடைப்பந்துக்கும் எனக்கும் அதுவரை சொல்லிக்கொள்ளும்படியான உறவு கிடையாது. நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். கல்லூரியில் மாலை வேளைகளில் நூலகத்துக்குப் போகும் வழியில் ஒரு சிமெண்டுத் தரை இருந்தது. அங்கே சில பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் பரிச்சயம். ஆனால் என் பெண் அப்போது எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட அணியில் சேர்ந்திருந்தாள். அவளுக்குச் சொல்வதற்காகவே அந்தச் செய்தியின் பின்னால் போனேன். போனவள் திரும்பி வரவில்லை.

கனெக்டிகட் பல்கலைக்கழகம் இருப்பது ஸ்டார்ஸ் என்ற சிற்றூரில். 1985இல் ஜீனோ ஆரியமா என்பவர் அங்கே பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். இத்தாலியில் மான்டெல்லா என்ற ஊரில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் வருவதற்கு முன் அந்த அணி தோல்வியைவிட வெற்றி அதிகம் பெற்ற வருடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பத்து வருடம் கழித்து, 1995இல், 35 ஆட்டம் ஆடி 35இலும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனார்கள். அதன் பிறகு 2016க்குள் இன்னும் பத்துப் பட்டங்கள். 2008இலிருந்து 2010 வரை தொடர்ந்து 90 வெற்றி. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் 1970களில் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணி வைத்திருந்த 88 என்ற பிரசித்தி பெற்ற கணக்கை அது தாண்டியது. பிறகு அந்தத் தொண்ணூறையும் தாண்டியதுதான் இந்த நூற்றுப் பதினொன்று.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றிய விஷயம் ஒன்று உண்டு. 111 வெற்றிகளுக்கு முன்னால், வாசற்படி மாதிரி, ஒரு தோல்வி கிடக்கிறது. 2014 நவம்பர் 17 அன்று ஸ்டான்ஃபர்ட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 88-86 என்று தோற்றார்கள். அந்தத் தொண்ணூறு வெற்றிகளுக்கு முன்னாலும் பின்னாலும்கூட அதே ஸ்டான்ஃபர்டிடம் ஒவ்வொரு தோல்வி. தோல்வியில் தொடங்கித் தோல்வியில் முடிவதைத்தான் வெற்றித் தொடர் என்கிறோம். வேறு எப்படியும் ஒரு தொடர் இருக்கமுடியாது என்பது யோசித்தால் புரியும். ஆனால் யாரும் யோசிப்பதில்லை.

டல்லாஸில் அன்று என்ன நடந்தது? முந்தைய வருடம், 2016இல், இதே மிஸிஸிப்பி ஸ்டேட் அணியை கனெக்டிகட் 98-38 என்று நசுக்கியிருந்தது. அறுபது புள்ளி வித்தியாசம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு போஸ்டன் நகரப் பத்திரிகையாளர் ஒருவர், இவர்கள் இப்படி ஜெயித்து ஜெயித்தே பெண்கள் கூடைப்பந்தைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்று அங்கலாய்த்தார். ஆக, ஜெயித்தால் ஆட்டத்தைக் கெடுத்த பழி. தோற்றால் வீழ்ச்சி என்று தலைப்பு. அந்தப் பெண்கள் போகக்கூடிய மூன்றாவது வழி எது என்று யாரும் சொல்லவில்லை.

2017இல் அதே இரு அணிகள் தேசியப் போட்டியின் அரையிறுதியில் சந்தித்தன. முதல் பாதியில் ஒரு கட்டத்தில் மிஸிஸிப்பி 29-13 என்று முன்னால் போனது. கனெக்டிகட் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. நாற்பது நிமிடம் முடிந்தபோது 60-60. ஐந்து நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் 64-64. கடைசி நொடியில் மார்கன் வில்லியம் என்ற பெண், உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவிலிருந்து எழும்பிப் பந்தை விட்டாள். மணி அடித்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. 66-64. அந்தக் கணத்தில் ஆரியமா சிரித்ததைப் படக்கருவிகள் பிடித்துவிட்டன. நடந்ததை நம்ப முடியாதவனின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 111 ஆட்டம் சுமந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பதுபோலவும் எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாக இருக்கலாம்.

அந்தப் பெண் வில்லியம், அதற்கு முந்தைய ஆட்டத்தில் பலம் வாய்ந்த பேலர் அணிக்கு எதிராகத் தனியாளாக 41 புள்ளிகள் எடுத்திருந்தாள். இதையெல்லாம் என் நூறு வார்த்தைகளில் நான் எழுதவில்லை. தோற்றவர்களின் கதையே எனக்குப் பெரிதாகப்பட்டது.

அமெரிக்கப் பத்திரிகைகள் கனெக்டிகட்டை 'டைனஸ்டி' என்கின்றன. தமிழில் ராஜவம்சம். சோழ வம்சம், பல்லவ வம்சம் என்பதைப்போல. வம்சம் என்றால் ரத்தம் தொடரவேண்டும். ஒரு கல்லூரி அணியில் எது தொடர்கிறது? ஒரு பெண் 18 வயதில் உள்ளே வருகிறாள், 22 வயதில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகிறாள். 2016இல் தொடர்ந்து நாலாவது பட்டம் வாங்கிய கையோடு பிரியானா ஸ்டூவர்ட், மரைய ஜெஃபர்ஸன், மார்கன் டக் மூவரும் படிப்பை முடித்து வெளியேறினார்கள். தொழில்முறை அணிகள் அந்த வருடம் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது முதல், இரண்டாவது, மூன்றாவது இடங்கள் இந்த மூன்று பேருக்குத்தான். ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் மூவர் போவது எந்தப் பெரிய விளையாட்டிலும் அதுவரை நடந்ததில்லை. வீட்டின் மூன்று தூண்களையும் ஒரே நாளில் உருவியதுபோல.

மிச்சம் இருந்தவர்கள்தான் அடுத்த வருடம் டல்லாஸ் வரை 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்தவர்கள். கணக்கைப் பாருங்கள். 2014-15இல் ஸ்டான்ஃபர்ட் தோல்விக்குப் பின் 37 வெற்றி. அடுத்த வருடம் 38. அதற்கடுத்து 36. மொத்தம் 111. 2015இல் முதல் வருட மாணவியாக வந்தவளின் கையில் 37 வெற்றிகளை வைத்தார்கள். 2016இல் வந்த கிறிஸ்டல் டேஞ்சர்ஃபீல்ட் பெட்டியை இறக்கி வைத்தபோதே சுவரில் 75 என்று இருந்தது. ஒரு பந்தைக்கூடத் தொடாமல் 75 வெற்றிகளுக்கு வாரிசு. அப்பா வாங்கிய கடனை மகன் அடைப்பது நமக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் சேர்த்த சொத்தைக் காப்பாற்றும் பாரமும் அதற்குக் குறைந்ததல்ல.

எதிர்பார்ப்பு என்ற சொல்லை நாம் தினம் புழங்குகிறோம். எதிரே பார்ப்பது. பார்ப்பவனுக்கு அது வெறும் பார்வை. எதிரே நிற்பவருக்குத்தான் அது வெளிச்சமாகவோ வெயிலாகவோ மேலே விழுகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எம்.ஏ. வகுப்பு அல்ல. ஒரு டிசம்பர் மாதம்.

2018 டிசம்பர். என் பெண் பத்தாம் வகுப்பு. அவளது பள்ளி அணி இரண்டு வருடமாக மண்டலப் போட்டிகளில் தோற்றதில்லை. மொத்தம் 19 ஆட்டங்கள்தான். 111 எங்கே, 19 எங்கே. ஆனால் பெற்றோர்களாகிய எங்களுக்கு 19 போதுமானதாக இருந்தது. தெர்மாஸில் டீ, வேர்க்கடலை, குளிருக்குச் சால்வை சகிதம் மைதானத்தின் ஓரம் உட்கார்ந்து 'நம்ம டீம்' என்று பேசுவோம். 'நம்ம டீம்' ஜெயிப்பதில் எங்களுக்கு ஆச்சரியம் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகியிருந்தது. எத்தனை புள்ளி வித்தியாசம் என்பது மட்டும்தான் கேள்வி. கடைசி கடைசியாக ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட்டது எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

இருபதாவது ஆட்டம் இறுதிப் போட்டி. பனி விலகாத காலை. எதிரணி வேறொரு பள்ளி, நாங்கள் அதுவரை கேள்விப்படாதது. கடைசி நிமிடத்தில் இவர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். என் பெண்ணுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் தடுக்கமாட்டார்கள், நின்று நிதானமாகப் போடலாம். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைக்கூடத் தொடவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மைதானத்தின் அந்தப் பக்கம் எதிரணிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் தெர்மாஸை மூடினோம். ஒரு அப்பா, "கோச் அந்தப் பொண்ணை முன்னாடியே மாத்தியிருக்கணும்" என்றார், என் காதில் விழுகிற மாதிரி. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மயூர் விஹாருக்கு ஆட்டோவில் திரும்பினோம். நான் அவளைத் திட்டவில்லை. திட்டாமல் இருப்பதே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யமுனைப் பாலம் தாண்டும்போது, மிகவும் சாதாரணமாக, "அந்த ரெண்டாவது ஃப்ரீ த்ரோ போடறப்ப என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க நல்லா ஆடினாங்கம்மா."

கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை என்று அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கதவைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றார். நான் முந்திக்கொண்டு, "தோத்துட்டாங்க" என்றேன். 'வீழ்ந்தது கனெக்டிகட்' மாதிரியே.

ஜனவரியில் அவள் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். பொதுத்தேர்வு வருகிறது என்று ஒரு நல்ல காரணம் இருந்தது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் மார்ச்சில் தேர்வு முடிந்த பிறகும் அந்தக் காலணிகள் பால்கனியில் தூசி படிந்து கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் படித்து வைத்திருந்த கனெக்டிகட் புராணத்தை எடுத்துக்கொண்டு அவளைத் தேற்றப் போனேன். 111 ஜெயித்தவர்களே தோற்றார்கள், நீ எம்மாத்திரம் என்கிற தொனியில். தோற்றும் அடுத்த வருடம் அவர்கள் மறுபடி 36 ஆட்டம் ஜெயித்தார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

"அப்புறம்?" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2018 மார்ச் 30, மறுபடி அரையிறுதி. மறுபடி கூடுதல் நேரம். நாட்ர டேம் அணியின் அரிக்கே ஒகுன்பொவாலே ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது போட்ட பந்தில் 91-89 என்று மறுபடி தோல்வி. 2017இலும் 36 வெற்றி, ஒரு தோல்வி. 2018இலும் 36 வெற்றி, ஒரு தோல்வி. இதைச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "முப்பத்தாறு ஜெயிச்சதுக்கு அந்த அக்காங்களை யாராவது பாராட்டினாங்களா? இல்ல, ரெண்டு வருஷமும் ஒண்ணுல தோத்ததை மட்டும் எழுதினாங்களா?"

நானும் எழுதினவர்களில் ஒருத்தி என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இந்த விளையாட்டின் அமைப்பே அப்படி. நவம்பரில் தோற்றால் திருத்திக்கொள்ளலாம், மார்ச் வரை அவகாசம் உண்டு. 2014இல் ஸ்டான்ஃபர்டிடம் தோற்ற அணிதான் அந்த வருடம் சாம்பியன். 2003இல் 70 தொடர் வெற்றிக்குப் பிறகு வில்லனோவாவிடம் தோற்றார்கள். அதுவும் மார்ச் மாதம்தான், ஆனால் தேசியப் போட்டி அப்போது தொடங்கியிருக்கவில்லை. சில வாரங்களில் பட்டத்தை வாங்கிவிட்டார்கள். தேசியப் போட்டிக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. ஒரு தோல்வி, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதைச் சரிசெய்ய ஒரு முழு வருடம் காத்திருக்கவேண்டும். அதற்குள் நாலாம் வருட மாணவிகள் போய்விடுவார்கள். அவர்களுடைய தோல்வியை வேறு யாரோதான் திருத்தமுடியும்.

கனெக்டிகட் எட்டு வருடம் காத்திருந்தது. 2019இல் அரையிறுதியில் தோல்வி. 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021இல் அரிஸோனாவிடம், 2022 இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினாவிடம் தோல்வி. 2023இல் கடைசி நான்கு அணிகளுக்குள்ளேயே வரவில்லை. அதற்கு முன் தொடர்ந்து 14 போட்டிகளில் அந்த நான்கில் ஒன்றாக வந்தவர்கள். 2024இல் அயோவாவிடம் 71-69. வேறு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இந்தப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் வறட்சி.

எனக்கு டேஞ்சர்ஃபீல்டின் நினைவு அடிக்கடி வரும். 75 வெற்றிகளுக்கு வாரிசாக வந்தவள். ஆடிய மூன்று தேசியப் போட்டிகளிலும் கடைசி நான்கு வரை போனவள். பட்டம் ஒன்றுகூட வாங்காமல் 2020இல் படிப்பை முடித்தாள். தொழில்முறைத் தேர்வில் அவளை எடுத்தது 16ஆவது ஆளாக. அதே வருடம் மினஸோட்டா அணிக்கு ஆடி, அந்த லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினாள். எதிர்பார்ப்பு குறைந்த இடத்தில் கை கால்கள் லேசாகிவிடுமோ என்னவோ.

இப்படி எழுதிக்கொண்டே போனால் எதிர்பார்ப்பு என்பதே ஒரு கொடுமை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது உண்மையில்லை. அதன் மறுபக்கம் எனக்குத் தெரியும்.

என் அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப்பட்டவள். நிறுத்தப்பட்டவள் என்றுதான் சொல்லவேண்டும். அவள் முதல் மாணவியாகத் தேறினாளா, தோற்றாளா என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லையாம். மார்க் ஷீட்டை அவளே பார்த்துவிட்டு அவளே அலமாரியில் வைத்துவிடுவாளாம். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஃபெயிலாயிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது." அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது. ஒரு பெண்ணிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது எதிர்பார்ப்பைவிடக் கனமானது.

அமெரிக்காவிலும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது 1972இல்தான். அதற்குப் பிறகுதான் கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்குப் பணமும் பயிற்சியாளரும் மைதானமும் கொடுக்கத் தொடங்கின. பெண்களுக்கான இன்றைய தேசியப் போட்டி தொடங்கியது 1982இல். ஆண்களுக்கு அது 1939லிருந்தே உண்டு. 1985இல் ஸ்டார்ஸில் அந்தப் பெண்கள் தோற்றபோது எந்தப் பத்திரிகையும் 'வீழ்ந்தது' என்று எழுதவில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து, உலகத்தின் இன்னொரு மூலையில், தில்லியில் உட்கார்ந்திருக்கும் தமிழச்சி ஒருத்தி அந்தப் பெண்களின் ஒரு தோல்விக்குத் தலைப்பு தேடினாள் என்றால் அதுவும் அவர்கள் சம்பாதித்ததுதான். தோற்றால் செய்தியாகும் அளவுக்கு ஜெயித்தார்கள்.

ஆகவே எதிர்பார்க்காதே என்று யாரிடமும் சொல்ல நான் தயாரில்லை. எனக்கே முடியாது. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத்தான் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆட்டம் என்றால் எதிரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மா அப்பா உண்டு, ஒரு வருடம் முன் அறுபது புள்ளியில் தோற்ற ஞாபகம் உண்டு, அதற்குப் பிறகான பயிற்சி உண்டு. அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடக்கூடும் என்பதை எதிர்பார்ப்பில் சேர்க்காவிட்டால், நாம் பார்ப்பது ஆட்டத்தை அல்ல, கண்ணாடியை. அன்று ஆட்டோவில் என் பெண் சொன்னது இதுதான். பதினைந்து வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. எம்.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை.

மிஸிஸிப்பி ஸ்டேட் அடுத்த ஆட்டத்தில் சவுத் கரோலினாவிடம் 67-55 என்று தோற்றுப் பட்டத்தை இழந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடமும் அவர்கள் இறுதி ஆட்டம் வரை வந்து, கடைசி நொடியில் அதே ஒகுன்பொவாலேயிடம் தோற்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அந்த வருடங்களில் 'உலகம்' பக்கத்தில் அதற்கு இடமும் இல்லை.

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் கனெக்டிகட் 82-59 என்று சவுத் கரோலினாவை வென்றது. பன்னிரண்டாவது பட்டம். காலையில் கைபேசியை எடுத்ததும் என் பெண்ணிடமிருந்து செய்தி. அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். 'உன் ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க' என்று எழுதியிருந்தாள்.

அந்த அணியின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ், 2020இல் கல்லூரியில் சேர்ந்தவள். முதல் வருடத்திலேயே நாட்டின் சிறந்த வீராங்கனை என்று பெயர் எடுத்தாள். பிறகு முழங்காலில் அடி. ஒரு வருடம் முழுக்க ஆடவே முடியவில்லை. மூன்று முறை கடைசி நான்கு வரை வந்து தோற்று, கடைசி வாய்ப்பில் பட்டத்தைத் தொட்டாள். சில நாட்களில் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக அவளை எடுத்தது எந்த ஊர் அணி தெரியுமா? டல்லாஸ்.

அந்த வருடம் கனெக்டிகட்டின் கணக்கு 37 வெற்றி, 3 தோல்வி. பிப்ரவரியில் டெனஸியிடம் 80-76 என்று தோற்றபோது இந்த முறையும் தேறாது என்று பேசினார்கள். 36-1 என்று முடித்த இரண்டு அணிகள் ஏமாற்றம். 37-3 என்று முடித்த அணி சாம்பியன். கணக்கு வாத்தியார் யாராவது இதை விளக்கினால் தேவலை.

அன்று எங்கள் பக்கத்துக்கு யாரும் அந்தச் செய்தியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன தலைப்பு வைத்திருப்பேன் என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு அணிகளின் பெயரையும் சம எழுத்தளவில் போட்டு, நடுவில் மதிப்பெண்ணை வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பார்க்க நன்றாக இருந்திருக்காது.

என் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்குத் திரும்பவில்லை. கல்லூரியிலும் ஆடவில்லை. அந்த வருடங்களை நான் கணக்கில் கழித்துவிட முடியாது. பெங்களூர் போன பிறகுதான், அலுவலகத் தோழிகள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பொது மைதானத்தில் ஆட ஆரம்பித்திருக்கிறாள். முதல் ஞாயிறு போன் செய்தபோது என் வாயில் 'ஜெயிச்சீங்களா?' என்ற கேள்விதான் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "எப்படி இருந்தது ஆட்டம்?" என்றேன்.

அவள் பத்து நிமிஷம் பேசினாள். எதிரணியில் ஒருத்தி எப்படிப் பந்தைத் தரையோடு ஒட்டித் தட்டிக்கொண்டு ஓடுகிறாள், இவளுக்கு எப்படி மூச்சு வாங்கியது, காலணி புதிதாக வாங்கவேண்டும் என்றெல்லாம். போனை வைத்த பிறகுதான் ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

மறுநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். தோற்றுவிட்டார்களாம்.